கல் மிதக்குமா

தெர்சேய்ரா தீவு, ஆங்க்ரா மருத்துவமனை,
மூன்றாம் மாடி, எலும்புப் பிரிவு.
என் வேலை எளியது.
அறுபத்தைந்து தாண்டியவர்களிடம்
காலையும் மாலையும் அதே நான்கு கேள்விகள்.
அவர்களை உறங்கவைத்தது
நரம்பில் ஏறிய பால்நிற மருந்தா,
மூச்சில் இறங்கிய ஆவியா?
எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.
பட்டியல் லிஸ்பனில் ஒரு பெட்டகத்தில் கிடக்கிறது.
எந்த மயக்கம் முதியவர்களைச் சன்னியில் தள்ளுகிறது
என்று கண்டறிய
நானும் பாதி மயக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

கல் தண்ணீரில் மிதக்குமா?
கடலில் மீன் உண்டா?
இரண்டு கிலோவைவிட ஒரு கிலோ கனமா?
ஆணி அடிக்கச் சுத்தியல் உதவுமா?
இரண்டு தப்பினால் கட்டத்தில் ஒரு குறி.

எர்மீனியு ஃபகுந்தஷ், எண்பத்திரண்டு,
தொடையெலும்பு முறிவு.
அறுபது வருடம் படகில் வழுக்காதவர்
படகை விற்ற மறுவாரம்
குளியலறையில் விழுந்தார்.
அறுவைக்கு முந்தின நாள்
நான்குக்கும் பட்பட்டென்று பதில்:
மூழ்கும். உண்டு. இல்லை. உதவும்.
சுங்க அதிகாரியிடம் பேசுகிற குரல்.

அறுவை முடிந்த இரவு
சலைன் குழாயைத் தூண்டில் நூலென்று இழுத்தார்.
போர்வையெல்லாம் ரத்தம்.
‘பெரிசு, விட்டுடாதே’ என்று
என் மணிக்கட்டை இறுக்கினார்.
கட்டிலுக்கடியில் தண்ணீர் ஏறுகிறதாம்,
செருப்பை எடுத்து மேலே வைக்கச் சொன்னார்.
வைத்தேன்.
ஆய்வு நெறிமுறையில் செருப்பு பற்றி ஒன்றுமில்லை.

பிறகு கேட்டேன்,
கல் தண்ணீரில் மிதக்குமா?

‘மிதக்கும்.

செரெட்டா முனைக்கு அப்பால்,
கடலடியில் நெருப்பு திறந்த குளிர்காலம்.
கறுப்புக் கல், பன்றிக்குட்டி பருமன்,
புகைந்துகொண்டே மேலே வந்தது.
ஒன்றா, இரண்டா.
துடுப்பால் தள்ளினேன், நுனி கருகிவிட்டது.
சூடு இருக்கிறவரை மிதக்கும், பெண்ணே.
ஆறியதும்
ஒரு மூச்சு விட்டுவிட்டு இறங்கிப்போகும்.’

கடலில் மீன் உண்டா?

‘எந்த மாதத்தில்?’

இரண்டு தப்பு. குறி போட்டேன்.

அந்தக் குளிர்காலம் எனக்கும் தெரியும்.
பள்ளிக்கூடத்து அலமாரியில்
அப்படி ஒரு கல் இருந்தது,
கண்ணாடிக்குப் பின்னால், ஜில்லென்று.
படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
‘கண்டவர் சொல்கிறார்.’
கணக்கெடுக்கும் கணினி
ஓரங்களைப் படிப்பதில்லை.

சன்னி இல்லை என்று நான் வாதாடவில்லை.
அதே இரவில், அதே வாயால்
என்னை அர்லிந்து என்று கூப்பிட்டார்.
‘உன் கை ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கு,
எவ்வளவு நேரமா நீருக்குள்ள இருக்கே?’
என்று கேட்டு அழுதார்.
தம்பி, என்றாள் மகள் லுசேலியா.
உடல் கிடைக்கவில்லை.
விடியும்வரை அந்தக் கையை
என்னால் உருவிக்கொள்ள முடியவில்லை.
விரல்களில் பலம் இருந்தது,
அதற்கும் ஒரு கட்டம் உண்டு, நிரப்பினேன்.

மூன்றாம் நாள் காலை
மழித்த முகம், சீவிய தலை.
செருப்பு ஏன் மேசைமேல் என்று
செவிலியைக் கடிந்துகொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் குரல் தாழ்ந்தது.
‘ராத்திரி ஏதாவது உளறினேனா?’
இல்லை என்றேன்.
நெறிமுறையில் இதுவும் இல்லை.

கல் தண்ணீரில் மிதக்குமா?

ஜன்னல் பக்கம் பார்த்தார்.
அங்கிருந்து தெரிவது
வண்டி நிறுத்துமிடமும் துண்டுக் கடலும்.
என் பேனாவைப் பார்த்தார்.
‘மூழ்கும்’ என்றார்,
மீனைக் குறைந்த விலைக்குக் கொடுப்பவர் போல.

தெளிவு. நான்குக்கு நான்கு.
கையெழுத்து, நேரம், உறை, பசை.
இருநூற்றுப் பன்னிரண்டாவது உறை.

திரைக்கு அந்தப் பக்கம்
எதெல்வீனா பொர்ஜஷ், எழுபத்தொன்பது, நாளை அறுவை.
படிவத்தைப் பிரிக்குமுன்பே தொடங்கிவிட்டாள்:
‘மூழ்கும். உண்டு. இல்லை. உதவும்.’
இரண்டு நாளாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு
படுத்திருந்திருக்கிறாள்.
பிறகு தலையணையிலிருந்து எழும்பி, ரகசியமாக,
‘ஆனா அந்தக் கல்லை
என் வீட்டுக்காரரும் பார்த்திருக்கார்.’